காமன் பொட்டலில் நட்ட கம்பமும் கிளவுட்டுக்குப் போகும் வழியும்

இந்த வலைப்பதிவை வாசிப்பவர்களில் பாதிப் பேர் சிங்கராஜ காட்டுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று தேடி வருகிறவர்கள். மற்றப் பாதி என்னைப் போல மடிக்கணினியும் வயரும் சுமந்து தொழிற்சாலை தொழிற்சாலையாக அலைகிறவர்கள். இந்தப் பதிவு இரண்டாவது கூட்டத்துக்கு. முதல் கூட்டமும் வாசிக்கலாம். அட்டைக்கடி இரண்டு பயணத்திலும் உண்டு.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை கஹவத்தைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். எனக்கு வேலை வேண்டும். அந்தத் தோட்டக் கம்பனியின் கொழும்புத் தலைமையகம் தன் கணக்கு வழக்கையெல்லாம் கிளவுட்டுக்கு மாற்றிவிட்டது. அதாவது, சிங்கப்பூரில் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த கணினிகளுக்கு. ஆனால் தொழிற்சாலையில் ஒரு பழைய சேர்வர் இன்னும் ஓடுகிறது. கொழுந்து நிறுக்கிற தராசு அந்தச் சேர்வரோடு பேசும். சேர்வர் சிங்கப்பூரோடு பேச வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பாதை போடுவது என்று பார்த்து முடிவு சொல்லத்தான் என்னை அனுப்பினார்கள்.

கொழும்பு கோட்டையிலிருந்து எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஏறினால் இரத்தினபுரி, பெல்மதுளை தாண்டி நேராகக் கஹவத்தையில் இறங்கலாம். மாறி ஏறத் தேவையில்லை. சாதாரண பஸ், அறுநூற்று நாற்பது ரூபாய். காலை ஐந்தே முக்காலுக்கு ஏறினேன். அவிசாவளை வரை தூங்கலாம். அதற்குப் பிறகு சாரதி தூங்கவிடமாட்டார். இரத்தினபுரியில் தேநீருக்கு நிறுத்துவார்கள். மாலு பனிஸ் வாங்காதீர்கள், உள்ளே மீன் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. பெல்மதுளைச் சந்தியில் அரைவாசிப் பஸ் இறங்கிவிடும். அங்கிருந்து கஹவத்தை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். பத்தரைக்கு நான் கஹவத்தை நகரில் நின்றேன். சட்டை நனைந்திருந்தது, மழையில் அல்ல.

மேலே தோட்டத்துக்குப் போகும் பஸ் எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். ஒருவர், "அது வந்தா வரும்" என்றார். அவர்தான் உண்மை சொன்னவர். த்ரீவீலர் பிடிப்பதே வழி. ஆறு கிலோமீற்றர், அதில் நான்கு பாதை, இரண்டு கல். ஆயிரத்து இருநூறு கேட்பார்கள். ஆயிரத்துக்கு வருவார்கள்.

எனக்குக் கிடைத்தவர் கனகு. முப்பது வயதிருக்கும், மேலே அதே தோட்டத்து ஆள். என் பைக்குள் சுருட்டி வைத்திருந்த கேபிளைப் பார்த்தவுடன் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"மிஸ், கம்பம் புடுங்க வந்தீங்களா?"

"எந்தக் கம்பம் அண்ணே? நான் லைன் பார்க்க வந்திருக்கேன்."

"அந்தக் கம்பந்தான். புடுங்குறதுன்னா ஏறுங்க, சல்லி வேணாம். புடுங்கலைன்னா ரெண்டாயிரம்."

ஏறினேன். பாதையில் கல் தொடங்கும் இடம் வரை அவர் வாய் மூடவில்லை. கதை இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் வந்து தோட்டத்தின் மேட்டில் அன்டெனா பொருத்த ஓர் இரும்புக் கம்பத்தை நட்டிருக்கிறார். எதிர் மலையில் இருக்கிற கைப்பேசி டவர் அங்கிருந்து நேராகத் தெரியும், இடமும் தட்டையாக வெறுமையாக இருந்தது, நட்டுவிட்டார். அந்த வெற்றிடம்தான் காமன் பொட்டல். ஒவ்வொரு மாசியிலும் மன்மதனுக்குக் கம்பம் ஊன்றி, கூத்தாடி, கடைசியில் சிவன் அவனை எரிக்கிற இடம்.

வெறுமனே நட்டிருந்தால்கூட சமாளித்திருக்கலாம். குழி தோண்டப் போன தோட்டத்து ஆட்கள், எந்தக் குழி தோண்டினாலும் செய்வதைப் போல, தேங்காய் உடைத்திருக்கிறார்கள். மாவிலை கட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் சிங்களவர், நல்ல மனுசன். 'ஹரி ஹரி' என்று சிங்களத்தில் சரி சொல்லி, 'பூஜை போடுங்க, வேலைக்கு நல்லது' என்று தானே கும்பிட்டும் இருக்கிறார். கடைசியாகப் பூசாரி ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் கம்பத்தில் கட்டிவிட்டார்.

"அம்புட்டுத்தான் மிஸ்" என்றார் கனகு. "பொட்டல்ல கம்பம் நட்டு, தேங்கா ஒடச்சு, மஞ்சத்துணி கட்டியாச்சு. ஊரே சொல்லுது காமன் கம்பம் ஊனியாச்சுன்னு. கம்பம் நிக்கிறப்ப கல்யாணம் வைக்க மாட்டாங்க. காமன் எரியணும், அப்பறந்தான்."

"காமன் எப்ப எரியும்?"

"மாசியில."

"இப்ப ஆவணிதானே?"

"அதத்தானே நானும் சொல்றேன்! ஞாயித்துக்கெழம எனக்குக் கல்யாணம்!"

பெண் புஷ்பா, தொழிற்சாலையில் கொழுந்து நிறுவையைப் பதிகிறவள். அவளுடைய அண்ணன் சுதாகர் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறான், திங்கட்கிழமை விமானம். தகப்பன் இல்லாத வீடு, அண்ணன்தான் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஞாயிறு தவறினால் அடுத்த விடுமுறை இரண்டு வருடத்துக்குப் பிறகு. புஷ்பாவின் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: மன்மதன் எரியக் காத்திருக்கிற நேரத்தில் தாலி கட்டினால் மாப்பிள்ளைக்கு ஆகாது.

"எரியப்போறது காமனா நானான்னு தெரியல மிஸ்" என்றார் கனகு.

ஒரு இணைய இணைப்பைத் தேர்ந்தெடுக்கப் போகிற வழியில் ஒருவருடைய கல்யாணம் என் மடியில் விழுந்தது. இதற்குத் தனிப் படி கிடையாது.

இந்த இடத்தில் தொழில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு விளங்காது. கட்டடத்துக்குள் இருக்கிற சேர்வரைக் கிளவுட்டோடு சேர்க்கப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, எல்லோரும் போகிற சாதாரண இணையத்திலேயே பூட்டுப் போட்டு அனுப்புவது. விபிஎன் என்பார்கள். சனம் நிரம்பிய பஸ்ஸில் பூட்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவது போல. பெட்டி பத்திரம், பஸ் எப்போது போய்ச் சேரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மற்றது, தொழிற்சாலை வாசலிலிருந்து கிளவுட்காரன் வாசல் வரை தனி இணைப்பு. வேறு யாரும் ஏறமுடியாது, வேகம் உறுதி. ஆனால் போட்டு முடிக்க மாதக்கணக்கில் ஆகும், விலையும் தனி. தலைமையகத்துக்குத் தனி இணைப்புதான் ஆசை. ஏன் என்று கேட்டேன். பக்கத்துக் கம்பனியில் இருக்கிறதாம். அது வரும்வரை தற்காலிகமாக இந்தக் கம்பம், டவர், காற்றில் இணையம்.

தோட்டம் வந்தது. எல்லாத் தோட்டத்திலும் போல தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் பள்ளத்தில், மேனேஜரின் பங்களா மேட்டில், கோவில் நடுவில். நான் கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், அதனால் இதை ஆச்சரியமாக எழுத எனக்கு வராது. தகரம் பறக்காமல் கூரையில் அடுக்கிய கற்களும், பின்னால் பொதுத் தண்ணீர்ப் பீலியும், அதில் வரிசையாக வாளிகளும் எனக்குப் புதிதல்ல. புதிதாக ஒன்றைக் கண்டேன். லயத்துக் கூரைகளுக்கு மேலால் கறுப்பாக, மெல்லிய ஒரு கேபிள் போனது. ஃபைபர். எந்த வீட்டிலும் நிற்காமல், தொழிற்சாலையிலும் நிற்காமல், நேராகப் பங்களாவுக்குள் நுழைந்தது.

பொட்டலுக்கு ஏறினேன். கம்பம் நின்றது. இருபதடி இரும்புக் குழாய், அடியில் கொங்கிரீட் கட்டையில் நான்கு நட்டுப் போட்டு இறுக்கியிருந்தது, உச்சியில் அன்டெனா, இடுப்பில் மஞ்சள் துணி, கீழே இரண்டு ஊதுபத்தி, புதிதாகக் கொளுத்தியவை. கோவில் தலைவர் ராமையா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற கங்காணி, காமன் கூத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

"ஐயா, இது டவர் கம்பம். சாமிக் கம்பம் இல்லைங்க" என்றேன்.

"நீங்க என்னா நெனச்சு நட்டீங்கங்கிறது ஒங்க விசயம் புள்ள. எங்க நட்டீங்க?"

"பொட்டல்ல."

"தேங்கா ஒடச்சது யாரு?"

"உங்க ஆளுங்க."

"மஞ்சத்துணி?"

"பூசாரி."

"அப்ப இதுல டவர் எங்கன இருக்கு?"

நான் உச்சியைக் காட்டினேன். அவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது அலங்காரம்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் மகிழ்ச்சியோடுகூட, இன்னொரு விஷயம் சொன்னார். கம்பம் ஊன்றினால் கூத்துப் பழக வேண்டும். கூத்தாடுகிறவர்களுக்குக் கம்பம் நிற்கிற நாளெல்லாம் மத்தியானத்தோடு வேலை விட்டு முழுப் பேர் போடுவது இந்தத் தோட்டத்து வழக்கம். பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. "வெள்ளக்காரத் தொரை காலத்துல இருந்து குடுத்த லீவு. ஆடுறவங்க பதினெட்டுப் பேரு. இப்ப ஊனியாச்சு. மாசி வரைக்கும் குடுக்கணும். பெரிய தொரைகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." பெரிய தொரை என்றால் தோட்டத்து மேனேஜர்.

"யோசிங்க ஐயா. அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்கு இறங்கினேன்.

தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். சேர்வர் ஒரு மர அலுமாரிக்குள் இருந்தது. கதவைத் திறந்தால் மேல்தட்டில் சேர்வர், கீழ்த்தட்டில் பிளேன்டீக் கோப்பைகள். புஷ்பா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இணைப்பைப் பற்றியல்ல.

"கனகு ஒங்ககிட்ட அழுதிருப்பானே?"

"கொஞ்சம்."

"எங்கிட்ட ஸ்டோர் லேண்ட்லைன்ல ஒரு மணித்தியாலம் அழுதான். பொட்டல்ல ஏறி நின்னாத்தான் இங்க சிக்னலு. அந்தக் கம்பத்துல சாஞ்சு நின்னுகிட்டு அந்தக் கம்பத்தையே திட்டுறான்."

மாலை நிறுவையைப் பார்க்க இருந்தேன். நான்கரை மணி, தூறல். பெண்கள் கொழுந்துச் சாக்கை முதுகில் சுமந்து வரிசையில் நின்றார்கள். ஒரு சாக்கைத் தராசில் வைத்தால் எண் சேர்வருக்குப் போகும், அங்கிருந்து கம்பத்து அன்டெனா வழியாகச் சிங்கப்பூருக்குப் போகும், சிங்கப்பூர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் தராசு அடுத்த சாக்கை எடுக்கும். இப்படி மென்பொருள் எழுதச் சொன்ன புண்ணியவானுக்கு முதுகில் சாக்கு இருந்ததில்லை. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசை நகரவில்லை.

"என்னா புஷ்பா, சிங்கப்பூரு தூங்குதா?" என்றார் முன்னால் நின்றவர்.

"பல்லு வெளக்கப் போயிருக்கும்" என்றார் பின்னால் நின்றவர். "பிள்ளக்காம்பராவ பூட்டப்போறாங்கடி, எம்புள்ளைய வெளிய விட்டுருவாங்க. சிங்கப்பூரக் கொஞ்சம் வெரசா வெளக்கச் சொல்லு."

நான் மடிக்கணினியைச் சேர்வரோடு இணைத்து, விநாடிக்கு ஒரு சின்னச் செய்தியைச் சிங்கப்பூருக்கு அனுப்பிப் பதில் வருகிறதா என்று எண்ண விட்டேன். மறுநாள் மாலை வரை அது ஓடியது. இரவு புஷ்பா வீட்டில் தங்கினேன். கல்யாண வீடு, பித்தளைப் பானைகளுக்கும் சோடாப் பெட்டிகளுக்கும் நடுவில் எனக்கு ஒரு பாய். நடக்குமா நடக்காதா என்று தெரியாத கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பாவின் அம்மா ஒவ்வொரு ஈடு முறுக்குக்கும் ஒரு தடவை என்னைப் பார்த்தார். சட்டியில் கிடந்த முறுக்கின் நிலைமையில் நானும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை முடிவு கையில். காலையிலும் பகலிலும் கம்பத்து இணைப்பு நன்றாகவே ஓடியது. நாலு மணிக்கு மேல் ஐந்தில் ஒரு செய்தி தொலைந்தது. காரணம் எளிது. அந்த டவர் கீழே நகரத்துக்கும் சுற்றி இருக்கிற எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதான். வேலை முடிந்து எல்லோரும் கைப்பேசியைக் கையில் எடுக்கிற நேரமும் மாலைக் கொழுந்து நிறுக்கிற நேரமும் ஒன்று. அதாவது அந்தக் கம்பம் தேவைப்படாத நேரத்தில் மட்டும் வேலை செய்தது. மறுபக்கம், அனுப்பவேண்டிய தரவு எவ்வளவு என்று பார்த்தால், ஒரு நாள் நிறுவை முழுவதும் சேர்த்து ஒரு கல்யாணப் படத்தின் அளவுகூட இல்லை. இதற்குத் தனி இணைப்பு கேட்பது, ஒரு கட்டு வெற்றிலை வாங்கிவர லொறி பிடிப்பது போல.

வேண்டியது மூன்று காரியம். நிறுவையைச் சேர்வரே உடனே ஏற்றுக்கொண்டு, சிங்கப்பூருக்குப் பிறகு ஆறுதலாக அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தை அன்றே செய்தேன், மென்பொருள் எழுதியவரோடு போனில் சண்டை பிடித்து. மாலையில் விழாத ஒரு சாதாரண ஃபைபர் இணைப்பு வேண்டும். அதன்மேல் ஒரு விபிஎன். ஃபைபர் ஏற்கெனவே இருந்தது, பங்களாப் பாதையில், தொழிற்சாலையிலிருந்து இருநூறு மீற்றரில். பாதையோரப் பெட்டியில் இன்னொரு இணைப்புக்கு இடமும் இருந்தது. கேபிள் பங்களாப் பூந்தோட்டத்தைக் கடந்து வரவேண்டும், அவ்வளவுதான்.

இதை ஒப்பந்தக்காரர் ஏன் செய்யவில்லை? ஸ்டோரில் கேட்டேன். "தொரைகிட்ட யாரு கேக்குறது?" என்றார்கள். தொரையின் அந்தூரியப் பூச்செடிகளுக்கு மேலால் ஒரு வயர் இழுக்க அனுமதி கேட்பதைவிட, கடவுளின் இடத்தில் குழி தோண்டுவது எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்கிறது. கடவுள் அறிக்கை கேட்கமாட்டார்.

பங்களாவுக்குப் போனேன். முன்கதவைத் தட்டினேன். சமையல்காரர் திறந்து, "ஆபிஸ் விசயம்னா பின்பக்கம் வாங்க" என்றார். பின்பக்கம் எனக்கு வழி தெரியாது என்றேன். பொய். என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பின்பக்கம் நின்றவர், வழி எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய தொரை நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர், தேநீர் தந்தார். பூந்தோட்டம் என்றதும் முகம் மாறியது. "பங்களா கார்டன்ல வயரா? கம்பம் போட்டுத் தந்திருக்கிறாங்களே, அது வேலை செய்யுதுதானே?"

"காலையில வேலை செய்யுது சேர். கொழுந்து வர்ற நேரத்துல செய்யாது."

"கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்க, மிஸ். டெம்பரரிதானே."

"சரி சேர். அப்ப கூத்து லீவுக்கு என்ன செய்யிறதுன்னு மட்டும் சொல்லிருங்க."

"மொன கூத்து?" என்ன கூத்து என்று சிங்களத்துக்கே தாவிவிட்டார்.

நான் விளக்கினேன். பதினெட்டுப் பேர், மத்தியானத்தோடு வேலை விடுவது, முழுப் பேர், கம்பம் நிற்கிற நாளெல்லாம், மாசி வரை, தோட்டத்து வழக்கம். தலைவர் நாளைக்கு உங்களைப் பார்க்க வரக்கூடும் என்றும் சொன்னேன். இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். அந்தூரியத்தைப் பார்த்தார். பொட்டலைப் பார்த்தார்.

"வயர் எந்தப் பக்கத்தால போகும்?" என்றார்.

கொழும்பில் என் மேலதிகாரிதான் மிச்சம். பொட்டலில் ஏறி நின்று போன் எடுத்தேன்.

"கம்பம் கம்பனிச் சொத்து. நட்டதைக் கழற்ற ஏலாது" என்றார்.

"கழற்றி வீசலை சேர். பூந்தோட்டத்தைத் தாண்டி ஸ்டோருக்கு கேபிள் கொண்டுவர நடுவில் ஒரு கம்பம் தேவை. இதையே அங்கே மாற்றி நடுவோம்."

"குட். எப்ப?"

"நாளைக்கு. முதலில் எரிச்சுட்டு."

இணைப்பு அந்த இடத்தில் அறுந்தது. மாலை ஆறு மணி. அந்த டவர் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான். அவர் 'குட்' என்று சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

எரிப்பதற்கு ராமையா தலைவரைச் சம்மதிக்கவைத்தது நானல்ல, புஷ்பா. "மாசியில ஊனாத கம்பத்த மாசியிலதான் எரிக்கணும்னு எங்க இருக்கு தலைவரே?" என்று கேட்டாள். பதினெட்டுப் பேரின் அரைநாள் ஓய்வு கண்முன்னால் கைநழுவிப் போவது அவருக்குத் தெரிந்தது. "சரி. ஆனா மொறையா எரிக்கணும். கூத்தில்லாம எரிச்சா அது குப்பை கொளுத்துறது" என்றார்.

சனிக்கிழமை மாலை நிறுவை முடிந்தவுடன் மொத்தத் தோட்டமும் பொட்டலில். அன்றைக்கு வரிசை நிற்கவே இல்லை, சொல்லிவைக்கிறேன். மாசியில்லாத மாசத்தில் எரியப் பயந்து மன்மதன் வேஷம் போட ஆள் கிடைக்கவில்லை. கனகு கிட்டவே வரவில்லை. கடைசியில் கட்டார் அண்ணன் சுதாகருக்குக் கிரீடம் வைத்தார்கள். "அவன் திங்கக்கெழம போறவன்தானே, எரிச்சாப் பரவாயில்ல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

ரதிதான் சிக்கல். பதினொரு வருடமாக ரதி வேஷம் போடுகிறவர் அருளப்பன், மாதா கோவில் பாட்டுக்குழுவிலும் அவர்தான் முதல் குரல். இப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை, சனிக்கிழமை விடமாட்டார்கள். ரதி இல்லாமல் கூத்தில்லை என்று தலைவர் உட்கார்ந்துவிட்டார். ஆகவே என் ரவுட்டரைக் கம்பத்து அன்டெனாவில் பொருத்தி, கைப்பேசியில் வீடியோ அழைப்பெடுத்து, ஒலிபெருக்கியின் மைக்குக்கு முன்னால் பிடித்தோம். மன்மதனைச் சிவனிடம் போகாதே என்று ரதி தடுக்கிற பாட்டு, கடையின் பின்னறையிலிருந்து நேரலை.

மனுசன் பாடத் தொடங்கியதும் பொட்டல் அடங்கிவிட்டது. கழுத்தில் அளவுநாடாவோடு நின்று பாடினார், அப்படியொரு குரல். புஷ்பாவின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு பெண் குரல், "மல்லி, மேக கீயத?" என்று விலை கேட்டது. ரதி, "தெதாஸ் அட்டசீயய் நோனா" என்று இரண்டாயிரத்து எண்ணூறு சொல்லிவிட்டு, விட்ட அடியிலிருந்தே தொடர்ந்தாள். பிறகு படம் உறைந்தது. வாய் திறந்தபடி, கையை நீட்டியபடி ரதி அசையாமல் நின்றாள். சுதாகர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கைப்பேசியைப் பார்த்து, "போயிட்டு வரவா?" என்று கேட்டான்.

"போடா, அவ பேசமாட்டா, டவரு பிசி" என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு கூத்தில் எங்கும் இல்லாத ஒரு கட்டம்: ஸ்பானர் இடைவேளை. கனகு கம்பத்தில் ஏறி அன்டெனாவைக் கழற்றி இறக்கினார். கொழும்பில் சொல்லிவிடாதீர்கள், அந்த அன்டெனா வழியாகச் சரியாகப் போய்வந்த ஒரே விஷயம் ரதியின் பாதிப் பாட்டு. கம்பத்தைச் சுற்றி வைக்கோல் கட்டினார்கள். சிவனின் தீ அம்பு கயிற்றில் ஓடிவந்து பற்றவேண்டும். தூறலில் கயிறு நனைந்து அம்பு பாதியில் நின்றுவிட்டது. தலைவர் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். நெற்றிக்கண் மூன்றாவது தட்டில் திறந்தது.

எரிந்தது. இரும்பு கறுத்தது, சாய்ந்துவிடவில்லை. சாம்பலை எடுத்து எல்லோரும் பூசிக்கொண்டார்கள். தலைவர் கம்பத்தை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "இனி இது வெறும் இரும்பு. எங்கன வேணும்னாலும் நட்டுக்கங்க" என்றார். புஷ்பாவின் அம்மா என்னிடம் வந்து கையில் நான்கு முறுக்கு வைத்தார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கனகு தாலி கட்டினார். சுதாகர் புருவத்தில் பாதி கருகியிருந்தது. தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அழுதான், மறுநாள் போய்விட்டான். அடுத்த வாரம் ஃபைபர் வந்தது. கறுத்த அந்தக் கம்பம் அந்தூரியங்களுக்கு நடுவில் நின்று கேபிளைத் தாங்குகிறது. விபிஎன் விழவில்லை. லயத்து வீடுகளுக்கும் அதே பெட்டியிலிருந்து இணைப்புக் கொடுக்கலாமே என்று கேட்டு எழுதினேன். அது 'இந்தத் திட்டத்துக்கு வெளியே' என்று பதில் வந்தது. கேபிள் அவர்கள் கூரைக்கு மேலால்தான் போகிறது. அதைத் தாங்குவது மட்டும் திட்டத்துக்கு உள்ளே.

போகிறவர்களுக்கு: அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துப் போங்கள். கஹவத்தையிலேயே காசு மாற்றிக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. இணைப்பை ஒருபோதும் காலையில் மட்டும் சோதிக்காதீர்கள், வேலை நடக்கிற நேரத்தில் சோதியுங்கள். எவ்வளவு வேகம் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு தரவு என்று கேளுங்கள், தனி இணைப்பு ஆசை பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கிளவுட் பதில் சொல்லும்வரை ஆட்களை மழையில் நிறுத்துகிற எதையும் ஏற்காதீர்கள். பங்களாவுக்குப் போனால் முன்கதவைத் தட்டுங்கள்.

ஒப்பந்தக்காரரிடமும் பேசினேன். ஏன் அங்கே நட்டீர்கள் என்றேன். கம்பனி கொடுத்த தோட்ட வரைபடத்தை அனுப்பினார். தேயிலை மலைக்கெல்லாம் இலக்கம் இருக்கிறது, பங்களாவுக்குப் பெயர் இருக்கிறது, குதிரை லாயம் இருந்த இடம்கூடக் குறித்திருக்கிறது. கோவில் இல்லை. பொட்டல் இருக்கிற இடத்தில் 'வெற்றுக் காணி' என்று எழுதியிருக்கிறது. அந்த மனுசன்மேல் என்ன தப்பு?

எனவே என் வேலை முடிந்து தலைமையகத்துக்கு அனுப்பிய இணைப்பு வரைபடத்தில் சேர்வர், ரவுட்டர், பாதையோரப் பெட்டி எல்லாம் போட்டு, மேட்டில் இன்னொரு கட்டமும் வரைந்து 'காமன் பொட்டல்' என்று எழுதினேன். மறுநாள் மேலதிகாரி அழைத்தார்.

"இது என்ன சாதனம்? இதுக்கு ஐபி இலக்கம் போடவில்லையே?"

"அதுக்கு ஐபி இல்லை சேர். வருசத்துக்கு ஒரு தடவைதான் ஓடும்."

"நிறுத்தினால் ஏதும் பாதிப்பு வருமா?"

"பெரிய பாதிப்பு சேர். ஏற்கெனவே ஒரு தடவை வந்தது."

"அப்ப அதுல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு குறிப்புப் போட்டு விடுங்க" என்றார்.

போட்டுவிட்டேன், சிவப்பு எழுத்தில்.